இளைய தலைமுறையும் அறிவியல் நாட்டமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

நிறைவு விழா என்றால் கவியரங்கம் இருக்கும், நூல் வெளியீடு இருக்கும், பாராட்டுரைகள் இருக்கும். அவற்றின் நடுவே அறிவியலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, இளைஞர்களிடையே அறிவியல் நாட்டம் குறைந்து வருவது பற்றியது. இதை ஓர் அறிவியல் கழகத்தில் பேசுவதைவிட இலக்கிய அவையில் பேசுவதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தை உரையின் போக்கில் சொல்கிறேன்.

முதலில், குறைந்துவிட்டது என்று சொல்கிறோமே, அது உண்மைதானா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மாலையை நினைத்துப் பாருங்கள். சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய அந்த மாலையில், இணையத்தின் வழியே ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 80 இலட்சம் பேர். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் வேறு. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துக் காட்டினார்கள். கலம் தரையைத் தொட்டபோது எழுந்த ஆரவாரத்தில் இளைஞர்களின் குரலே ஓங்கி ஒலித்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். 2008இல் முதல் சந்திரயான் திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்றவர் என்பதைச் சொல்லாத மேடையே இல்லை. ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் சாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர் என்பதையும் பெருமையோடு சொல்கிறோம். இத்தனை மகிழ்ச்சி உள்ள இடத்தில் நாட்டம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால், அதே இளைஞர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “நீ இயற்பியல் படிக்கப் போகிறாயா? கணிதம் படிக்கப் போகிறாயா?” என்று கேளுங்கள். அந்த ஆரவாரம் அடங்கிவிடும். நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் வணிகவியலுக்கும் கணினிப் பிரிவுக்கும் இடம் கேட்டுப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள்; இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய துறைகளிலோ இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன என்று பேராசிரிய நண்பர்கள் கவலையோடு சொல்கிறார்கள். அறிவியலைப் பார்க்கும் ஆர்வம் குன்றவில்லை. அறிவியலைச் செய்யும் ஆர்வமே குன்றியிருக்கிறது. கைதட்டுவதற்கு ஆள் இருக்கிறது; களத்தில் இறங்க ஆள் குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. நார்வே நாட்டுக் கல்வியறிஞர்களான ஸ்வென் ஷோபெர்க், கமிலா ஷ்ரைனர் ஆகியோர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 40 நாடுகளில், 15 வயதை ஒட்டிய மாணவர்களிடையே ‘ரோஸ்’ என்னும் பெயரில் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். அறிவியல் சமுதாயத்துக்குத் தேவையா என்று கேட்டபோது, பெரும்பாலும் எல்லா நாட்டு மாணவர்களும் தேவை என்றே சொன்னார்கள். நீ அறிவியலறிஞர் ஆக விரும்புகிறாயா என்று கேட்டபோதுதான் விடைகள் பிரிந்தன. உகாண்டா, வங்காளதேசம் போன்ற நாடுகளின் பிள்ளைகள் ஆவலோடு ஆம் என்றார்கள். நார்வே, ஜப்பான் போன்ற வளம் மிக்க நாடுகளின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வேண்டாம் என்றார்கள். வாழ்க்கை வசதி உயர உயர அந்த விருப்பம் சரிவதை அவ்வாய்வு காட்டியது. அறிவியல் முக்கியந்தான், ஆனால் அது எனக்கானதன்று என்னும் மனநிலையே அங்குப் பரவியிருந்தது.

நம் நிலைமை இதில் ஒரு விசித்திரக் கலவை. செல்வ நாடுகளின் வசதி நம்மில் பெரும்பாலோர்க்கு இன்னும் வரவில்லை. அந்த நாடுகளின் அலுப்பு மட்டும் நமக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. இது ஏன்?

இளைஞர்களைக் குறை சொல்வது எளிது. கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள், திரைப்படத்தில் மயங்கிவிட்டார்கள், பணத்தைத் துரத்துகிறார்கள் என்று பட்டியல் போடலாம். அந்தப் பட்டியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்தவர்களால் படிக்கப்பட்டதுதான்; வானொலியும் திரைப்படமும் வந்த காலத்திலும் இதையே சொன்னார்கள். பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்பதற்குமுன், அவர்களுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று பார்ப்பதே நேர்மை.

மேல்நிலைப் பள்ளியின் செய்முறை வகுப்பை எடுத்துக்கொள்வோம். தனி ஊசலை ஆட்டிவிட்டு, அது இத்தனை அலைவுகளை முடிக்க எத்தனை நொடி எடுக்கிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண வேண்டும். அழகான சோதனை அது. ஒரு நூலும் ஒரு குண்டும் ஒரு கடிகாரமும் கொண்டு பூமியின் ஈர்ப்பை அளந்துவிடுகிறான் ஒரு சிறுவன்! இதைவிட வியப்பு வேறு என்ன வேண்டும்? ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? விடை 9.8 என்பது மாணவனுக்கு முன்பே தெரியும். 9.8 வரவில்லையென்றால் மதிப்பெண் குறையும் என்பதும் தெரியும். எனவே அவன் விடையை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி அளவீடுகளைப் பின்னால் எழுதுகிறான். ஊசல் ஒருபுறம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏடு மறுபுறம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

அன்பர்களே, இதை ஒரு சிறு குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவியலின் உயிர்நிலை ஒன்று உண்டென்றால், கண்டதைக் கண்டபடி எழுதுவதுதான் அது. 9.8க்கு மாறாக 9.3 வந்தால், ஏன் வந்தது? நூலின் நீளத்தைத் தவறாக அளந்தோமா? அலைவுகளை எண்ணுவதில் பிசகினோமா? ஊசலை மிக அகலமாக ஆட்டிவிட்டோமா? இந்தக் கேள்விகளில்தான் அறிவியல் இருக்கிறது, 9.8 என்னும் எண்ணில் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்து, பொய்யான அளவீட்டுக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளைகளுக்கு ஆய்வு மனப்பான்மை இல்லை என்று நாம் வருந்துகிறோம்.

இதோடு நின்றதா? பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே ஓரங்கட்டிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்கவே 2018இல் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வைக் கொண்டுவர நேர்ந்தது. அடித்தளம் இல்லாமல் மேல்மாடம் கட்டியவர்கள் கல்லூரிக்கு வந்ததும் கால் தடுக்கியதில் வியப்பில்லை. கல்விக்கூடம் தேர்வுக்கூடமாகவும், தேர்வுக்கூடம் பயிற்சிக்கூடமாகவும் சுருங்கிய பிறகு, அறிவியல் என்பது ஒரு நுழைவுச்சீட்டு ஆகிவிட்டது. மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்ததும் உயிரியலையும், பொறியியல் கல்லூரியின் கதவு திறந்ததும் இயற்பியலையும் பிள்ளைகள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நுழைவுச்சீட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவார்கள்?

இன்னொரு காரணம் வயிற்றோடு தொடர்புடையது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். நான்காண்டில் ஒரு வேலை என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை. அறிவியல் படித்தால் என்ன ஆகும்? மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, அதற்குமேல் ஐந்தாறு ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு. அதன் பின்னும் நிலையான வேலைக்கு உறுதி இல்லை. மைய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023இல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, நல்ல செய்திதான். ஆனால் அது தகுதித் தேர்வில் வென்ற சிலருக்கே கிடைப்பது. நம் நாடு தன் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி 0.64 விழுக்காடு. தென் கொரியா 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்த ஒருத்தி இயற்பியலை விட்டு வணிகவியலுக்குப் போனால், அவளுக்கு அறிவு வேட்கை இல்லை என்று சொல்லாதீர்கள். அவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிமார் இருப்பதை நினையுங்கள்.

அரசுகளும் வாளாவிருந்துவிடவில்லை. 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி, இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ‘இன்ஸ்பயர்’ திட்டம் 2008இல் வந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் நம் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. சட்டம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. ஆயினும் ஒரு பிள்ளை, “ஏன்?” என்று முதல் கேள்வி கேட்பது தில்லியில் அன்று, வீட்டுத் திண்ணையில், தெருவில், வகுப்பறையில், தன் தாய்மொழியில் கேட்கிறது. அங்கேதான் இலக்கிய வட்டத்தினராகிய நாம் வருகிறோம்.

கவிஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடல் நீலம் என்று பாடாத கவிஞர் உண்டா? 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தமிழரும் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு மயங்கினார். திருவானைக்காவில் 1888இல் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன்தான் அவர். வானத்தின் நிறமே நீரில் தெரிகிறது என்று பெரிய அறிஞரான ராலே முன்பே விளக்கம் சொல்லியிருந்தார். இராமன் அந்த விளக்கத்தோடு அமைதியடையவில்லை. கையிலிருந்த சிறு நிக்கல் பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியைத் தவிர்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் மிகுந்தது. அப்படியானால் நிறம் வானத்துக்கு உரியதன்று, நீருக்கே உரியது! தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் எண்ணம் அங்கே வேர்விட்டது. அந்த வேரில் தழைத்ததுதான் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்ட ‘இராமன் விளைவு’. அந்நாளையே 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புப் பகுதியைச் சேர்ந்தவர். இராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இராமன் முதலில் கண்டது ஒரு கவிஞர் காணும் காட்சியை. அதன்மேல் ஒரு கேள்வியை வைத்தபோது அவர் அறிவியலர் ஆனார். வியப்பு இல்லாத இடத்தில் கேள்வி முளைக்காது. வியப்பைக் காத்துக் கொடுப்பவர்கள் யார்? நீங்கள்தாம்.

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் இயற்கையைப் பார்த்த பார்வையை நினைத்துப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எது எப்போது பூக்கும், எங்கே பூக்கும் என்றெல்லாம் பார்த்துப் பழகிய சமுதாயமாக இருந்தால்தான் அப்படிப் பெயர் வைக்க முடியும். இன்று நம் கல்லூரி மாணவர்களிடம், ஏன் நம் கவியரங்கக் கவிஞர்களிடம், அவற்றுள் பத்துப் பூவை நேரில் காட்டிப் பெயர் கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் மலைச்சரிவுகளை நீலமாக்கியபோது படம் எடுக்கக் கூட்டம் போயிற்று. பன்னிரண்டு ஆண்டு என்று அந்தச் செடிக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

இந்த இடத்தில் மனம் திறந்து ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். உங்களிற் சிலருக்குக் கசக்கலாம். தமிழ் மேடைகளில் நாம் ஒரு பழக்கத்தை வளர்த்துவிட்டோம். குறளைப் புகழ ஔவையார் பெயரால் வழங்கும் பாடலில் அணு ஓர் உவமையாக வந்தால், அணுவைப் பிளக்கும் கலையை நாம் அன்றே அறிந்திருந்தோம் என்று முழங்குகிறோம். காப்பியத்தில் ஒரு பறக்கும் பொறி வந்தால் வானூர்தி நம்முடையது என்கிறோம். அவையில் கைதட்டல் எழுகிறது. ஆனால் அந்த அவையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பையன் என்ன நினைப்பான்? எல்லாமே அன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்றால் இனி அவன் தேடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு கவிதை உவமையைக் கண்டுபிடிப்பாக மாற்றும்போது நாம் இரண்டு தீமைகளைச் செய்கிறோம். உவமையின் அழகைக் கொன்றுவிடுகிறோம். சான்று கேட்கும் பழக்கத்தையும் கொன்றுவிடுகிறோம். செய்முறை ஏட்டில் 9.8 என்று முன்கூட்டி எழுதும் மாணவனுக்கும், விடையை முடிவுசெய்துகொண்டு பழம்பாடலில் சான்று தேடும் பேச்சாளருக்கும் என்ன வேறுபாடு?

நமக்கு உண்மையான பெருமைகள் இல்லாமலா போயின? புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் இயக்கத்தையும் நேரில் சென்று அளந்தவர்போல அறிந்து சொல்வோர் உண்டு என்கிறார். வானத்தை உற்றுநோக்கிக் கணக்கிட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அந்த அளவில் நிறுத்திக்கொண்டாலே அது பெரிய பெருமை. பின்னாளைய வரலாற்றிலும் எத்தனையோ உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் எழுந்தது. அங்குப் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1802இல் பரங்கிமலையருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய ஞாயிற்று ஆய்வகத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கதிரவனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்த ஏடுகள் உலகின் அரிய கருவூலங்களில் ஒன்று. சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. இவற்றை நம் மேடைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறார்கள். ஒரு நூற்றாண்டுக் கதிரவன் அங்கே பெட்டியில் இருப்பதை அவர்களுக்குச் சொன்னவர் யார்?

கவிஞன் அறிவியலை எப்படித் தொட வேண்டும் என்பதற்குப் பாரதியே வழிகாட்டி. 1910இல் ஹாலி வால்மீன் வந்தது. பூமி அதன் வாலுக்குள் புகப்போகிறது, அதிலுள்ள நச்சு வளியால் உலகம் அழியும் என்று மேலைநாட்டு நகரங்களிலேயே மக்கள் நடுங்கினார்கள். அச்சத்தைப் போக்க மாத்திரை விற்றுப் பணம் பார்த்தவர்களும் உண்டு. அப்போது புதுவையில் இருந்த பாரதி, ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று ஒரு பாட்டு எழுதினார். வால்மீனின் வால் மெல்லிய ஆவியால் ஆனது என்றும், அது பூமியைத் தொட்டாலும் தீங்கு நேராது என்றும் அறிந்தோர் கூறும் செய்தியைக் கவிதைக்குள் வைத்தார். பிறகு அந்த வால்மீனிடமே நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டார். செய்தி பிழைபடவில்லை, கவிதையும் குறைபடவில்லை. நூறாண்டுக்கு முன்னால் ஒரு கவிஞர் செய்தது இது. சந்திரயான் பற்றி நாம் எழுதிய கவிதைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலவைப் பெண்ணாக்கி, கலத்தைக் காதலனாக்கி எழுதியவை பல. நிலவில் ஒரு பகல் பூமிக் கணக்கில் ஏறத்தாழ 14 நாள் நீளும், அந்தப் பகல் முடிந்ததும் வரும் கடுங்குளிரில் கலம் உறங்கிப்போய்விடும் என்னும் உண்மையைத் தொட்டு எழுதியவை எத்தனை? அந்த உண்மையில் கவிதை இல்லையா?

இனி, மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் அறிவியல் முடியுமா என்னும் கேள்வி பழைய கேள்வி. அதற்குச் செயலால் விடை தந்தவர்கள் பலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொல்லாக்கத்துக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பெ. நா. அப்புஸ்வாமி தம் நீண்ட வாழ்நாளெல்லாம் தமிழில் அறிவியல் எழுதினார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் யார்? அறிவியல் பேராசிரியர் ஒருவரா? இல்லை. கவிஞரும் இசைப்பாடலாசிரியருமான பெரியசாமித் தூரன்! ஒரு கவிஞர்தாம் தமிழுக்கு அறிவுத்துறைகள் அனைத்தையும் அகரவரிசையில் தொகுத்துக் கொடுத்தார். அதன்பின் குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதிகளையும் கொண்டுவந்தார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்னும் சிறுவர் இதழை நடத்தி வருகிறது. ஆகவே, இந்தப் பணி நமக்குப் புறம்பானது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

கலைச்சொற்கள் இன்று போதுமான அளவுக்கு இருக்கின்றன. இல்லாதது நடை. சொற்களைப் பட்டியலிட்டு அகராதி போட்டுவிட்டோம்; அந்தச் சொற்களை வைத்து ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை விரும்பிப் படிக்கும் பத்து வரிகளை எழுதுபவர்கள் குறைவு. பாடநூலில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். வரையறைகள் கல்லடுக்கியதுபோல் இருக்கின்றன. உருப்போட மட்டுமே உதவும் மொழி, உருப்போடும் மாணவனைத்தான் உண்டாக்கும். சொல்லுக்கு உயிரூட்டும் வித்தை தெரிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த வித்தையில் ஒரு சிறு பகுதியை அறிவியலுக்குக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நல்ல நூல் ஒன்று தக்க வயதில் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கும்பகோணமே சான்று. 1903இல் அங்கே பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கார் என்பவர் எழுதிய கணித நூலொன்று கிடைத்தது. அது பேரறிஞர் எழுதிய மூலநூலன்று. தேர்வுக்கு மாணவர்களைத் தயாரித்துவந்த ஓர் ஆசிரியர் தொகுத்த கையேடு. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. இன்றைய மாணவன் அப்படி ஒரு கையேட்டை வாங்கினால் முடிவுகளை மனப்பாடம் செய்வான். சீனிவாச இராமானுஜன் ஒவ்வொரு முடிவுக்கும் வழியைத் தானே தேடினான். அந்தத் தேடலில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டுக் கல்லூரித் தேர்வில் தோற்றான். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானான். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவன் எழுதிய கடிதம் கணித வரலாற்றையே திருப்பியது. கையேடு தவறன்று, கையேட்டை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் மண்ணோடு தொடர்புடைய மூவர் அறிவியலுக்காக நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். இராமனுக்குப் பின் 1983இல் சுப்பிரமணியன் சந்திரசேகர். 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் இராமகிருஷ்ணன். பின்னிருவரின் ஆய்வுகளும் அயல்நாடுகளில் நடந்தவை. சொந்த நாட்டில் இருந்துகொண்டே செய்த ஆய்வுக்காக அறிவியலில் அப்பரிசு பெற்ற இந்தியர் இன்றுவரை இராமன் ஒருவரே. 1930க்குப் பின் இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. இதை நினைத்துப் பார்க்கும்போது, பரிசைப் பற்றிய ஏக்கத்தைவிட, எத்தனை இராமானுஜன்கள் எழுத்தர் நாற்காலியோடு நின்றுபோனார்களோ என்னும் கவலையே மிகுகிறது.

நிறைவாக, நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு மூன்று செயல்களை முன்மொழிகிறேன். பெரும்பொருள் தேவையில்லாதவை, ஆதலால் தட்டிக்கழிக்கவும் முடியாதவை.

முதலாவது, ஆண்டுதோறும் நாம் மாணவர்களுக்கு நடத்தும் போட்டிகளில் ஒன்றை மாற்றுவோம். ‘அறிவியலின் நன்மைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் பெற்றோர் எழுதித் தந்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அதற்கு மாறாக, முப்பது நாள் தொடர்ந்து நிலவைப் பார்த்து, அது எந்த நேரத்தில், எந்தத் திசையில், எந்த வடிவில் தோன்றியது என்று குறித்துவரச் சொல்வோம். முகில் மறைத்த நாளில் ‘காணவில்லை’ என்று உண்மையாக எழுதிய பிள்ளைக்கே முதற்பரிசு கொடுப்போம்.

இரண்டாவது, நம் திங்கள் கூட்டங்களில் ஆண்டுக்கு இரண்டையேனும் ஓர் அறிவியல் ஆசிரியருக்கு ஒதுக்குவோம். அவர் பேசட்டும், நாம் கேட்போம், அவர் சொன்னதை நம் கவிஞர் ஒருவர் நல்ல தமிழில் எழுதி, அவரிடமே காட்டிப் பிழை திருத்தி, சிறு வெளியீடாக ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்புவோம்.

மூன்றாவது, நம் மேடையில் முன்னோர் அறிவியலைப் பற்றி எவர் பேசினாலும் சான்றோடு பேசட்டும். சான்று இல்லாத புகழ்ச்சிக்குக் கைதட்டுவதில்லை என்று நாம் நமக்குள் ஓர் உறுதி எடுத்துக்கொள்வோம். தமிழின் பெருமை அதனால் ஒரு மயிரிழையும் குறையாது.

இவற்றைச் செய்வதனால் நாளையே நம் ஊரிலிருந்து ஓர் இராமன் புறப்படுவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணோ பையனோ, இந்தப் பெரியவர்களும் கேள்வி கேட்கிறார்கள், தெரியாததைத் தெரியாது என்கிறார்கள் என்று கண்டுகொண்டால், அதுவே தொடக்கம். அந்தத் தொடக்கத்துக்கு இந்த இலக்கிய வட்டம் இடமாகட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.